மார்ச் மாதக் கணக்கெடுப்பும் ஓரிலைத் தாமரையும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடி அடிவாரத்தில் இருந்த ஒரு மூலிகைப் பண்ணையில் நான் வேலைக்குச் சேர்ந்த ஆண்டு, நிதியாண்டு முடிவதற்குள் ஒவ்வொரு தொட்டியிலும் உயிரோடிருக்கும் செடிகளை எண்ணிப் பதிவேட்டில் ஏற்றும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நிழல்வலைக் கூடத்தின் மூலையில் ஓரிலைத் தாமரை என்று பெயர்ப்பலகை செருகிய நாற்பது தொட்டிகளிலும் காய்ந்த மண்ணைத் தவிர வேறெதுவும் இல்லை. 'பட்டுப்போனவை 40' என்று எழுதிவிட்டு, மண்ணைக் கொட்டி வேறு நாற்றுகளுக்குப் பயன்படுத்தச் சொன்னேன். மூன்றாவது தொட்டியைக் கவிழ்த்தபோது பண்ணையின் மூத்த தொழிலாளி ஓடிவந்து, கோலிக்குண்டைவிடச் சற்றுப் பெரிதான, வெளிறிய கிழங்கு ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தார். "அமுக்கிப் பாருங்க சார். கொழகொழன்னு இருந்தாத்தான் போச்சு." அது கல்லைப் போல இறுகியிருந்தது. முதல் இரண்டு தொட்டிகளின் மண் அதற்குள் எருக்குழிக்குப் போய்விட்டது.

நெர்விலியா என்னும் இந்தத் தரை ஆர்க்கிட் கோடையில் இலையை உதிர்த்துவிட்டுக் கிழங்காக மட்டும் மண்ணுக்குள் கிடக்கும். முதல் மழைக்குப் பின் இலையே இல்லாத பூந்தண்டு ஒன்று எழும்பி, வெளிர்பச்சைப் பூக்கள் சில நாட்கள் நின்று வாடிய பிறகுதான் விசிறிபோல் மடிப்பு மடிப்பான இதயவடிவ இலை ஒன்றே ஒன்று விரியும். அந்த இலையின் நரம்புகளை வைத்தே 1829-இல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் கோதிஷோ இப்பேரினத்துக்குப் பெயரிட்டார். பூவும் இலையும் ஒரே நாளில் கிடைக்காததால், இந்தச் செடியை முழுமையாகப் பதிவுசெய்ய விரும்புபவர் ஒரே இடத்துக்கு இருமுறை போயாக வேண்டும். எங்கள் பயணப்படி விதிகள் அதற்கு இடம் தரவில்லை.

பெயரும் ஒரு தொல்லை. சமவெளியில் சாதாரணமாக முளைக்கும் ஓரிதழ்த்தாமரை, ஊதா நிறத்தில் ஒற்றைப் பேரிதழ் கொண்ட வேறொரு குடும்பத்துச் சிறுசெடி. ஆனால் மலையாளத்தில் 'ஓரிலத்தாமர' என்னும் ஒரே பெயர் இரண்டுக்கும் வழங்குகிறது. ஆயுர்வேதத்தில் சொல்லப்படும் பத்மசாரிணி என்னும் மூலிகையாகக் கேரள வைத்தியர்கள் கொள்வது இந்த ஆர்க்கிடைத்தான். எங்கள் பண்ணைக்கு வந்த கேள்விகளில் பாதி, இதழா இலையா என்று பிரித்துச் சொல்வதிலேயே தீர்ந்துவிடும்.

மருந்துக்குக் கிழங்கையும் எடுப்பதால், ஓரிலையைப் பறிப்பவர் பெரும்பாலும் செடியின் அடுத்த ஆண்டையும் சேர்த்தே எடுத்துப் போகிறார். தூசியைப் போன்ற அதன் விதைகளில் சேமித்த உணவு இல்லை. காட்டு மண்ணில் ஏற்ற பூஞ்சையின் துணை கிடைத்தால்தான் அவை முளைக்கும். ஆர்க்கிட் குடும்பம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது என்பது உண்மையே. ஆனால் மழைக்காலத்தில் ஒருவர் இடுப்புத்துணியில் முடிந்து மலையிலிருந்து கொண்டுவரும் ஒரு பிடி கிழங்கு எந்தச் சோதனைச் சாவடியின் கண்ணில் படும்?

பதிவேட்டில் 'பட்டுப்போனவை' என்பதை அடித்து, பக்கத்தில் 'மண்ணுக்குள் 38' என்று எழுதி அனுப்பினேன். கண்ணால் காணாததை எப்படி எண்ணினீர்கள் என்று விளக்கம் கேட்டு அது திரும்பி வந்தது. ஜூலை வரை பதில் போடாமல் வைத்திருந்து, விரிந்த இலைகளை எண்ணி, 31 என்று எழுதினேன். மீதி ஏழையும் மூத்தவர் கொட்டவிடவில்லை.