செம்பனைக் குலை விலையும் செலினியமும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் அப்பாவுக்கு ஐந்து ஏக்கர் செம்பனை இருக்கிறது. குலை விலையைத் தினமும் கைப்பேசியில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தேடுவார். அதைப் பார்த்துத்தான், விலையைத் தானாக எடுத்துத் தர, பைத்தான் நிரல்மொழியில் செலினியம் நிறுவினேன்; உலாவியை நிரல் மூலம் இயக்கும் கருவி அது.

முன்பு ஒருமுறை பாதியில் விட்ட வேலை இது. குரோம் உலாவி தானாகப் புதுப்பித்துக்கொள்ளும், அதைச் செலினியத்தோடு இணைக்கும் குரோம்டிரைவர் பழையதாகவே கிடக்கும்; பதிப்பு பொருந்தாமல் உலாவி திறக்கவே திறக்காது. 2022இல் வந்த 4.6 பதிப்பிலிருந்து பொருத்தமான டிரைவரைச் செலினியமே தேடி இறக்கிக்கொள்கிறது. ‘பிப் இன்ஸ்டால் செலினியம்’ என்ற ஒரே கட்டளை, அவ்வளவுதான்.

அப்புறம் விலை அட்டவணை. பக்கம் திறந்த பிறகுதான் அதிலுள்ள ஜாவாஸ்கிரிப்ட் நிரல் அதை வரைகிறது. நிரலை ஐந்து விநாடி சும்மா நிறுத்தி வைப்பதைவிட, அட்டவணை தெரியும்வரை செலினியத்தின் வெப்டிரைவர்வெயிட் வசதியைக் கொண்டு காத்திருக்க வைப்பதே சரி. மழை பெய்தால் எங்கள் இணைய லைன் அவ்வளவு இழுக்கும்.

இன்று காலை அப்பா பசியாற உட்கார்ந்தபோது, விலையைப் பெரிய எழுத்தில் காட்டினேன். கண்ணாடியைத் தேடாமலே படித்தார்.