சந்தியாகப்பரிடம் போகும் வழியில், முதல் அடிக்கு முன்னால்

எங்கள் ஊர் ராமேஸ்வரம் தீவில் இருக்கும் தங்கச்சிமடம். வேர்க்காட்டில் சந்தியாகப்பர் கோயில். ஜூலை 25 அவருடைய திருவிழா நாள். சின்ன வயதில் அவரை எங்கள் ஊர்க்காரர் என்றே நினைத்திருந்தேன். இயேசுவின் பன்னிரண்டு சீடர்களில் ஒருவரான யாக்கோபுதான் அவர், போர்ச்சுக்கீசியர் வாயில் சந்தியாகோவாக இருந்தவர் நம் கடற்கரைக்கு வந்து சந்தியாகு ஆனார், மரியாதைக்கு ஓர் அப்பரும் சேர்ந்துகொண்டது என்பதெல்லாம் கல்லூரிக் காலத்தில் தெரிந்துகொண்டது. அவருடைய கல்லறை ஸ்பெயினின் வடமேற்கு மூலையில், சந்தியாகோ தெ கொம்போஸ்தேலா பேராலயத்தில் இருப்பதாக நம்பிக்கை. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக மக்கள் அங்கே நடந்து போகிறார்கள். அந்தப் பாதைக்குப் பெயர் கமினோ.

ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருஷம் அக்கா ஒருநாள் சொன்னாள்: "தம்பி, வேளாங்கண்ணிக்கு எத்தனையோ தடவை நடந்தாச்சு. அப்பரோட ஊருக்கு ஒருக்கா நடந்துரணும்." நானும் வருகிறேன் என்று சொன்னேன். நடையைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். இந்தக் கட்டுரை முழுக்க, நடை தொடங்கும் ஊருக்குப் போய்ச் சேர்ந்த கதை. எங்களுக்கு அதிகம் யோசிக்க வேண்டியிருந்தது இந்தப் பகுதிக்குத்தான்.

வேளாங்கண்ணிக்கு நடப்பவர்களுக்கு இந்தக் கேள்வியே வராது. வீட்டுப் படியிறங்கினால் நடை தொடங்கிவிட்டது. இடைக்கால ஐரோப்பாவிலும் அப்படித்தான். அவரவர் வீட்டு வாசல்தான் தொடக்கம். பிரான்சில் பாரிஸ், வெசலே, லெ புய், ஆர்ல் என்று நான்கு பெரிய பாதைகள் உருவாயின. முதல் மூன்றும் பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவே நிற்கும் பிரனீஸ் மலைக்கு முன்னால் ஒன்றுசேர்ந்து ஒரு சின்ன ஊருக்குள் நுழைகின்றன. சான்-ஜான்-பியே-தெ-போர். இதில் வரும் போர் துறைமுகம் இல்லை, கணவாய். 'கணவாயின் அடிவாரத்து அருளப்பர்' என்று தமிழில் சொல்லலாம். பாஸ்க் மக்களின் மண் அது. அவர்கள் மொழியில் ஊருக்குப் பெயர் தொனிபானே கராசி. அங்கிருந்து சந்தியாகோவுக்கு ஏறக்குறைய 780 கிலோமீட்டர்.

அங்கேதான் தொடங்க வேண்டும் என்று கட்டாயம் ஏதும் கிடையாது. கடைசி 100 கிலோமீட்டர் நடந்தாலே கொம்போஸ்தேலா என்ற சான்றிதழ் கிடைக்கும். அதற்காகவே நிறையப் பேர் சாரியா என்ற ஊரிலிருந்து தொடங்குகிறார்கள். விடுமுறை குறைவாக உள்ளவர்களுக்கு அது நல்ல வழி. எங்களுக்கு ஆறு வாரம் இருந்தது. அக்காவோ, "மலையைத் தாண்டித்தான் போகணும்" என்று முதல் நாளே முடிவு செய்துவிட்டாள். சரி, சான்-ஜான்.

திட்டம் போட உட்கார்ந்தபோது நான் செய்த தவறு, விமானத்திலிருந்து ஆரம்பித்தது. மலிவான டிக்கெட்டைத் தேடி இரண்டு வாரம் வீணானது. கமினோவுக்குப் பின்னாலிருந்து முன்னால் வர வேண்டும். முதலில் மலை, அப்புறம் ரயில், கடைசியில்தான் விமானம்.

மலை ஏன் முதலில்? சான்-ஜான் சுமார் 170 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து புறப்படும் நெப்போலியன் வழி 1,400 மீட்டருக்கும் மேல் ஏறி, மறுபக்கம் இறங்கி, ஸ்பெயினின் ரொன்செஸ்வாயெஸ் மடத்தில் முடிகிறது. மொத்தம் சுமார் 25 கிலோமீட்டர். முதல் நாளே இது. நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை இந்த வழியை ஸ்பெயினின் நவார்ரா மாநில அரசு மூடிவிடுகிறது. அப்போது கீழே பள்ளத்தாக்கு வழியாக, வால்கார்லோஸ் ஊரைத் தொட்டுத்தான் போக வேண்டும். நாங்கள் மே மாதத்தைத் தேர்ந்தெடுத்தது இதற்காகத்தான். அறுபது வயது முழங்காலுக்கு ஒரே நாளில் 25 கிலோமீட்டர் மலை வேண்டாம் என்று நினைத்தேன். சான்-ஜானிலிருந்து 8 கிலோமீட்டர் ஏறினால் ஒரிசோன் என்ற இடத்தில் ஒரு தங்குமிடம் இருக்கிறது. படுக்கைகள் குறைவு, முன்பதிவு இல்லாமல் போகவே கூடாது. அங்கே இரண்டு படுக்கை கிடைத்த தேதிதான் எங்கள் பயணத்தின் அச்சாணி. மற்ற எல்லாத் தேதியையும் அதிலிருந்து பின்னோக்கி எண்ணினோம்.

அப்புறம் விசா. நம்மவர்கள் பலர் தடுமாறும் இடம் இது. பாரிஸில் இறங்கப் போகிறோம், எனவே பிரான்ஸ் விசா என்று நானும் நினைத்தேன். ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குள் போய்வரும் ஷெங்கன் ஏற்பாட்டின் விதிப்படி, எந்த நாட்டில் அதிக நாள் இருக்கிறோமோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். எங்களுக்குப் பிரான்சில் ஆறு இரவு, மீதியெல்லாம் ஸ்பெயின். ஆகவே ஸ்பெயின் விசா. பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். 2024 ஜூன் முதல் கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ. கஷ்டம் எங்கே என்றால், தங்கும் இடத்துக்கு அத்தாட்சி கேட்கிறார்கள். கமினோ வழியில் யாத்திரிகர்கள் தங்கும் விடுதிகளை அல்பெர்கே என்பார்கள். ஊராட்சி நடத்தும் அல்பெர்கேக்கள் பெரும்பாலும் முன்பதிவே எடுப்பதில்லை. முதலில் வந்தவருக்கு முதல் படுக்கை. நாங்கள் ரத்து செய்யக்கூடிய அறைகளைப் பதிவு செய்து, எந்த நாள் எந்த ஊர், எத்தனை கிலோமீட்டர் என்று ஓர் அட்டவணையும், நடந்து போகிறோம் என்று விளக்கும் ஒரு பக்கக் கடிதமும் வைத்தோம். அக்கா பள்ளிக்கூடத்தில் கால அட்டவணை போட்ட கை, கோடு போட்டு அழகாக எழுதினாள். விசா வந்தது.

சான்-ஜானுக்கு விமான நிலையம் கிடையாது. பக்கத்தில் இருப்பது பியாரிட்ஸ். அங்கிருந்து பயோன் நகரத்துக்கு வந்து ரயில் பிடிக்க வேண்டும். மாட்ரிட்டில் இறங்கினால் பம்ப்லோனா வரை ரயிலிலோ பேருந்திலோ வந்து, அங்கிருந்து மலையைச் சுற்றிக்கொண்டு சான்-ஜானுக்குப் பேருந்து உண்டு. யாத்திரைக் காலத்தில் மட்டும் ஓடும், எனவே தேதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பாரிஸில் இறங்கினால் மோன்பார்னாஸ் நிலையத்திலிருந்து பயோனுக்கு அதிவேக ரயிலில் சுமார் நான்கு மணி நேரம். அதிவேக ரயில் டிக்கெட்டைச் சீக்கிரம் எடுத்தால் மலிவு. பயோனிலிருந்து சான்-ஜான் போவது உள்ளூர் ரயில். அதற்கு அவசரப்பட வேண்டியதில்லை, அன்றைக்கே எடுக்கலாம்.

மூன்றில் சுலபமானது எது என்று கேட்டால் மாட்ரிட் என்பேன். ஆனாலும் பாரிஸைத் தேர்ந்தெடுத்தோம். காரணம், வழியில் பிரான்சின் மாதா திருத்தலமான லூர்து. கீழை நாடுகளின் லூர்து என்று வேளாங்கண்ணியைச் சொல்லிச் சொல்லி வளர்ந்தவள் அக்கா. லூர்துவிலிருந்து இரண்டு மணி நேர ரயில் தூரத்தில் பயோன் இருக்கும்போது அதைத் தாண்டிப் போக அவளுக்கு மனம் வருமா? சென்னையிலிருந்து போகும்போது பாரிஸ், திரும்பும்போது மாட்ரிட் என்று டிக்கெட் எடுத்தோம். சந்தியாகோவிலிருந்து மாட்ரிட்டுக்கு ரயில் இருக்கிறது, வந்த வழியே திரும்ப வேண்டியதில்லை.

பாரிஸில் இறங்கியபோது என் பை என் தோளில் இருந்தது. 7 கிலோவுக்குள் அடக்கியிருந்ததால் கையோடு கொண்டுவந்துவிட்டேன். அக்காவின் பை 8 கிலோவைத் தாண்டியது, உள்ளே தைலக் குப்பிகளும் பழம் நறுக்கச் சின்னக் கத்தியும் வேறு. சரக்கில் போட்டாக வேண்டியதாயிற்று. சுழலும் பட்டை காலியாகி நின்ற பிறகும் அது வரவில்லை. இடையில் விமானம் மாறிய ஊரிலேயே தங்கிவிட்டது.

அக்கா ஒன்றும் பேசவில்லை. ரொம்ப நேரம் கழித்து, "சிப்பி அதுலதான் இருக்கு" என்றாள். கமினோவின் அடையாளம் விசிறி போல விரிந்த சிப்பி. யாத்திரிகர்கள் பையில் கட்டிக்கொள்வார்கள். புறப்படுவதற்கு முதல் நாள் காலையில் வேர்க்காட்டில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, கடற்கரைக்குப் போய் அக்கா ஒரு சிப்பியைப் பொறுக்கி, நூலில் கோத்துப் பையில் கட்டியிருந்தாள். பை போனால் வேறு வாங்கலாம், அந்தச் சிப்பியை எங்கே வாங்குவது?

பை வராதவர்களுக்கான முகப்பில் புகார் எழுதிக் கொடுத்தோம். எங்கே கொண்டுவந்து தர வேண்டும் என்று கேட்டார்கள். அடுத்த இரண்டு இரவும் லூர்துவில் ஒரே விடுதியில் என்று நிச்சயமாக இருந்ததால் அந்த முகவரியைக் கொடுக்க முடிந்தது. மறுநாளே மலையேறத் திட்டமிட்டிருந்தால் என்ன செய்திருப்போம் என்று இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது. ஒரு நல்ல காரியம் செய்திருந்தோம்: நடைக்கான காலணியை இருவரும் காலிலேயே போட்டுக்கொண்டு விமானம் ஏறினோம். மாத்திரை, பாஸ்போர்ட், ஒரு மாற்றுடை எல்லாம் கைப்பையில். பழகிய காலணிக்கு ஈடு எந்தக் கடையிலும் கிடையாது. தயவுசெய்து அதைச் சரக்கில் போடாதீர்கள்.

லூர்துவைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். 1858இல் பெர்னதெத் என்ற பதினான்கு வயதுப் பெண்ணுக்கு மாதா 18 முறை காட்சி கொடுத்த குகை, அதன் முன்னால் ஓடும் ஆறு, அதன் கரையில் வரிசையாகச் சக்கர நாற்காலிகள். இரவு ஒன்பது மணிக்கு மெழுகுவத்திப் பவனி. பல மொழிகளில் ஜெபமாலை போகிறது. ஆவே மரியா என்று வரும்போது எல்லாக் கைகளும் மெழுகுவத்தியோடு மேலே எழுகின்றன. அக்கா தமிழில் சொல்லிக்கொண்டு நடந்தாள். பையைப் பற்றி அன்று இரவு அவள் பேசவே இல்லை.

இரண்டாம் நாள் மாலை பை வந்து சேர்ந்தது. சிப்பி அப்படியே தொங்கியது. மூன்று நாள் அந்தப் பை இல்லாமலே ஓடியிருந்ததால், பிரித்துப் பார்த்தபோது எது தேவை, எது தேவையில்லை என்று அக்காவுக்குப் பளிச்சென்று தெரிந்துவிட்டது. இரண்டு சேலை, ஒரு போர்வை, தைலத்தில் பாதி விடுதியிலேயே தங்கின. உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்காதே என்று கமினோ போகிறவர்கள் சொல்வார்கள். அக்காவின் பை 6 கிலோவுக்கு வந்தது.

பயோனில் ஓர் இரவு தங்கினோம். சான்-ஜான் ரயில்கள் நாளுக்குச் சிலதான். கடைசி ரயிலைத் துரத்திக்கொண்டு ஓட எனக்கு மனமில்லை. மறுநாள் காலை நடைமேடைக்குப் போனால், முதுகில் பையும் சிப்பியுமாக ஐம்பது பேர் நிற்கிறார்கள்! அதுவரை நாங்கள் இரண்டு பேர் மட்டும் செய்கிற வேலையாக இருந்தது, அந்த நிமிஷத்தில் ஒரு கூட்டத்தின் வேலையாக மாறியது. வண்டி நீவ் ஆற்றை ஒட்டி வளைந்து வளைந்து போகிறது. ஒரு மணி நேரம். யாரும் அதிகம் பேசவில்லை, எல்லோரும் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நிலையத்திலிருந்து பத்துப் பதினைந்து நிமிஷம் ஏறி நடந்தால் ரூ தெ லா சிதாதெல் என்ற கல் பாவிய தெரு. அதில் 39ஆம் எண் வீடு யாத்திரிகர் அலுவலகம். தன்னார்வலர்கள் நடத்துகிறார்கள். சில யூரோ கொடுத்தால் கிரெதென்சியால் என்ற யாத்திரிகர் கடவுச்சீட்டு கிடைக்கும். வழியெல்லாம் அதில்தான் முத்திரை வாங்க வேண்டும், அல்பெர்கேயில் படுக்கை கிடைக்கவும் அதைக் காட்ட வேண்டும். ஒவ்வொரு நாளும் எவ்வளவு ஏற்றம், எவ்வளவு இறக்கம் என்று காட்டும் ஒரு தாள், தங்குமிடங்களின் பட்டியல் ஒன்று, மறுநாள் மலையில் வானிலை எப்படி என்பது, எல்லாம் அங்கேயே கிடைத்தன. ஊன்றுகோல்களையும் அந்தத் தெருவிலேயே வாங்கிக்கொண்டோம்.

மேசைக்குப் பின்னால் இருந்த வயதான அம்மா முதல் முத்திரையைக் குத்திவிட்டு, கூடையில் இருந்த சிப்பிகளைக் காட்டி, பிடித்ததை எடுத்துக்கொள்ளச் சொன்னார். அக்கா தன் பையைத் திருப்பித் தங்கச்சிமடத்துச் சிப்பியைக் காட்டினாள். வேறு இனச் சிப்பி, சின்னது, விசிறி போல விரியாதது. அந்த அம்மா அதைக் கையில் வாங்கி, மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு புரட்டிப் பார்த்தார். எந்தக் கடல் என்று கேட்டார். அக்காவுக்கு ஆங்கிலத்தில் சொல்லத் தெரியும், ஆனாலும் கைபேசியில் வரைபடத்தைத் திறந்து, இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவே நீட்டிக்கொண்டிருக்கும் அந்தத் துண்டு நிலத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். அங்கேயும் சந்தியாகோவுக்குக் கோயில் இருக்கிறது என்றாள். அவர் பக்கத்து மேசைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார்.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் புறப்பட்டோம். தெரு இறங்கி, நீவ் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, ஸ்பெயின் வாசலுக்கு வெளியே வந்ததும் சாலை நேராக மேலே ஏறத் தொடங்கியது. அக்கா முன்னால் போனாள். அவள் பையில் சிப்பி டக் டக்கென்று தட்டிக்கொண்டே போனது.