ஒரு மறியாடு, மூன்று வளவு

“நீங்கள் எண்டா எழுதியிருப்பீங்களோ சேர்?” என்று அந்தப் பிள்ளை கேட்டாள். நான் “ஓம்” என்றேன். கேள்விக்கும் பதிலுக்கும் இடையில் ஒரு மூச்சு இடைவெளிகூட இருக்கவில்லை. அந்த ஓம் இரண்டு வருசமாக உள்ளே கிடந்து உறுத்துகிறது.

நடந்தது ஒரு நேர்முகம். உதவித் திட்டங்கள் மக்களுக்குப் பயன் தந்தனவா என்று போய்ப் பார்த்து எழுதுகிற திட்ட மதிப்பீட்டுத் துறைக்குப் புதிதாக வருகிற மாணவர்களுக்கு ஒரு சின்ன விருது. நடத்தியவர்களின் பெயர் இங்கே தேவையில்லை. நடுவர்கள் என்னோடு சேர்த்து மூன்று பேர், கடைசிச் சுற்றுக்கு வந்தவர்கள் இரண்டு பேர், பரிசு ஒரு சான்றிதழும் ஒரு மடிக்கணினியும். இதெல்லாம் ஒரு விசயமா என்று கேட்கலாம். அவள் தன் அறிக்கையைக் கைபேசியில் தட்டி, கிளிநொச்சியில் ஒரு கொம்யூனிகேஷன் கடையில் அச்செடுத்துக்கொண்டு வந்தவள். அவளுக்கு அது விசயந்தான்.

இப்படி ஒரு விருது வேண்டும் என்று கூட்டங்களில் கத்தினவர்களில் நானும் ஒருவன். 2009க்குப் பிறகு வன்னியில் செய்யாத மதிப்பீடு இல்லை. வீடு, கிணறு, கோழி, தையல் மெஷின், வள்ளம், எல்லாவற்றையும் எண்ணியாயிற்று. வினாக்கொத்தைத் தூக்கிக்கொண்டு வெயிலில் திரிந்தது எங்கள் பொடியளும் பெட்டையளும். நாட்சம்பளம். அறிக்கை கொழும்பில் எழுதப்படும், நன்றியுரையில் ‘தகவல் சேகரிப்பாளர்கள்’ என்று ஒரு சொல்லில் இவர்கள் முடிந்துவிடுவார்கள். இலங்கை மதிப்பீட்டுச் சங்கம் 1999இல் தொடங்கியது. தேசிய மதிப்பீட்டுக் கொள்கைக்கு அமைச்சரவை 2018இல் அனுமதி கொடுத்தது. ஆனால் இது ஒரு தொழில், இதைப் படித்து இதிலேயே வளரலாம் என்று மாங்குளத்திலோ மல்லாவியிலோ இருக்கிற ஒரு பிள்ளைக்கு யார் சொன்னது? ஒரு கூட்டத்தில் நான் அமெரிக்க மதிப்பீட்டுச் சங்கத்தைக்கூட இழுத்தேன். 1977இல் இளவயதிலேயே இறந்துபோன மார்சியா குட்டென்டாக் என்ற உளவியலாளரின் பெயரில், படிப்பு முடித்து ஐந்து வருசத்துக்குள் இருக்கிற புதியவர்களுக்கென்றே அங்கே ஒரு விருது இருக்கிறது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது என்று கேட்டேன். கைதட்டினார்கள்.

சரி, நேர்முகத்துக்கு வருகிறேன்.

மற்றப் போட்டியாளரின் அறிக்கை நல்ல அறிக்கை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. உதவித் திட்டங்களை மதிப்பிடவென்று பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் அபிவிருத்தி அமைப்பு (OECD) வகுத்த தலைப்புகள் ஆறும் வரிசையாக இருந்தன. 2019இல் சேர்த்த ‘ஒத்திசைவு’ என்கிற ஆறாவது தலைப்பைக்கூட விடவில்லை. இவளின் அறிக்கையில் அப்படித் தலைப்புகள் கிடையாது. ‘முதலாவது வளவு’, ‘இரண்டாவது வளவு’ என்று வீட்டுக் கணக்கில் போனது. ஒட்டுசுட்டான் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பெண்களுக்கு ஆடு கொடுத்த திட்டம் அது. வாசிக்க வாசிக்க எனக்கு ஆட்டு மணமே வந்தது. ஆனால் ஒரு வசனத்தில் தடக்குப்பட்டேன்: “பயனாளிகள் ஆடுகளைத் தங்களுக்குள் பகிர்ந்து பராமரிக்கின்றனர்.”

இத்தனை வருசம் இந்த வேலையில் இருந்தவனுக்கு இப்படியான வசனத்தைக் கண்டால் மூக்கு வேர்க்கும். “பகிர்ந்து எண்டா என்ன பிள்ளை?” என்று கேட்டேன்.

அவள் சிரித்தாள். அப்புறம் சொன்னாள். முதல் வளவில் ஒரு மறியாட்டைப் படம் எடுத்திருக்கிறாள், வலது காது கிழிந்த மறி. அடுத்த நாள் இரண்டாவது வளவிலும் காது கிழிந்த ஒரு மறி நின்றது. தற்செயல் என்று நினைத்திருக்கிறாள். மூன்றாவது வளவிலும் அதே மறியைக் கண்டு அவள் முழிக்க, அந்த வீட்டுச் சின்னப் பொடியன், “அக்கா, இது பெரியம்மான்ர ஆடு, பின்னேரம் கொண்டுபோய் விடோணும்” என்று சொல்லிவிட்டான். தாய் அவன் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு, பிறகு தானும் சிரித்துவிட்டு, பிளேன்ரீ போட்டுக் கொடுத்து எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். நுண்கடன்காரருக்குக் கிழமைக் காசு கட்ட ஆட்டை விற்றாயிற்று. ஆடு நிற்காவிட்டால் அடுத்த கட்ட உதவிக்குப் பெயர் வெட்டுவார்கள். அதனால் பார்க்க ஆள் வருகிற நாளில் இருக்கிற ஆடு வளவு வளவாக நடக்கும்.

“ஆடு அவைக்கு பாங்க் மாதிரி சேர். பாலுக்கு எண்டுதான் திட்டத்தில குடுத்தது, ஆனா அவைக்கு அந்தரத்துக்கு விக்கத்தான் உதவினது. அது பிழையான உதவி இல்லைத்தானே?”

இப்போது எழுதும்போது தெரிகிறது, அந்த இரண்டு வசனந்தான் அந்த மதிப்பீட்டின் கண்டுபிடிப்பே. திட்டம் நினைத்த வழியில் பயன் தரவில்லை, வேறொரு வழியில் தந்திருக்கிறது. இதைக் கண்டுபிடிக்கக் கொழும்பிலிருந்து வருகிற ஆளுக்கு மூன்று பயணம் வேண்டும். அன்றைக்கு அது என் காதில் விழுந்தது, ஆனால் நான் வேறு எதையோ பிடித்துக்கொண்டு நின்றேன்.

“அப்ப ஏன் இதை எழுதேல்லை?”

“எழுத வேண்டாம் எண்டு அந்த அக்கா கேட்டவ. ஓம் எண்டு சொல்லிப்போட்டன். எழுதினா அவையின்ர பேரை வெட்டுவினம் சேர்.”

மதிப்பீட்டாளர் உண்மையை மறைக்கலாமா என்று ஒரு சின்னப் பிரசங்கம் வைத்தேன். அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டாள். என்னை மடக்கக் கேட்டதாக எனக்குப் படவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

எங்கள் புள்ளித் தாளில் ‘நேர்மை’ என்று ஒரு பெட்டி, 20 புள்ளி. மற்ற இருவரும் 12, 13 என்று போட்டார்கள். நான் 6 போட்டேன். மொத்தத்தில் நாலு புள்ளியால் போனது. நான் 11 போட்டிருந்தால் மடிக்கணினி அவளுக்கு.

என் பக்கத்தையும் சொல்லவேண்டும். நான் செய்தது விதிப்படி சரி. மதிப்பீட்டு அறிக்கையை நம்பித்தான் அடுத்த காசு எங்கே போவது என்று தீர்மானிக்கிறார்கள். ஆடு இல்லாத இடத்தில் ஆடு நிற்கிறது என்று ஒருவர் எழுதினால், இன்னொரு கிராமத்துக்கும் அதே ஆட்டைத்தான் கொடுப்பார்கள், அங்கேயும் கிழமைக் காசுக்கு விற்பார்கள். கடன்தான் பிரச்சினை என்பது கடைசி வரைக்கும் ஒருவருக்கும் தெரியவராது. அந்தப் பெண்களைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லி அவர்களின் உண்மையான கஷ்டத்தையே அவள் அறிக்கையிலிருந்து அழித்துவிட்டாள். இப்படி வாதாடினால் என்னிடம் எனக்கே பிழை தெரிவதில்லை.

ஆனால் ஒன்று. அவள் எங்களிடம் பொய் சொல்லியிருக்கலாம். “பகிர்ந்து எண்டா, மாறி மாறி மேய்க்கினம் சேர்” என்று சொல்லியிருந்தால் நான் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருப்பேன். 15 போட்டிருப்பேன். நேர்மை என்ற பெட்டியில் அவளுக்குப் புள்ளி குறைந்தது அவள் உண்மை சொன்னதால். இந்த இடத்துக்கு வந்தால் எனக்கு மேலே போக முடிவதில்லை.

மற்றது, அந்தப் பெட்டி எங்கிருந்து வந்தது என்பது. அமெரிக்கச் சங்கம் மதிப்பீட்டாளர்களுக்கென்று ஐந்து நெறிகள் வைத்திருக்கிறது, 2018இல் திருத்தியது. முறையான விசாரணை, தகைமை, நேர்மை, மக்களுக்கு மதிப்பு, பொது நன்மையும் நியாயமும். எங்கள் புள்ளித் தாளைத் தயாரித்தபோது இதைப் பார்த்துத்தான் பெட்டிகள் போட்டோம். முதல் மூன்றுக்கும் பெட்டி போட்டோம். நாலாவதை எப்படி அளப்பது என்று யாரோ கேட்க, எல்லோருக்கும் பசி, விட்டுவிட்டோம். அவள் நாலாவதற்காக மூன்றாவதை விட்டாள். எங்கள் தாளில் விட்டதற்கு இடம் இருந்தது, எதற்காக விட்டாள் என்பதற்கு இடம் இருக்கவில்லை.

இனி அந்த ஓம்.

2013இல் முல்லைத்தீவுப் பக்கம் ஒரு வாழ்வாதாரத் திட்டத்தை மதிப்பிட்டேன். தையல் மெஷின்கள். பல வீட்டில் மெஷின் இல்லை. விற்றோ அடகு வைத்தோ இருந்தார்கள். ஒரு தாய் கையெடுத்துக் கும்பிட்டாள். அவளின் மகன் எங்கே என்று தெரியாத காலம் அது. அறிக்கையில் நான் எழுதியது: “இயந்திரங்களின் பயன்பாடு எதிர்பார்த்த அளவை இன்னும் எட்டவில்லை.” அந்த ‘இன்னும்’ எனக்கே பிடித்துப்போன சொல். நிதி கொடுத்தவர்கள் அதைப் படித்துவிட்டு ஒரு தையல் பயிற்சிக்குக் காசு ஒதுக்கினார்கள். மெஷின் இல்லாதவர்களுக்குப் பயிற்சி.

அப்படியென்றால் நான் எழுதினேனா, எழுதவில்லையா? நேர்முகத்தில் “ஓம்” என்றபோது என் மனதில் அந்த வசனந்தான் இருந்தது என்று பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குறை இருக்கிறது என்றாவது நான் எழுதினேன். அவள் எழுதியதோ எல்லாம் நன்றாக நடக்கிறது என்ற மாதிரி. இரண்டும் ஒன்றில்லை. ஒன்றில்லைத்தான். ஆனால் ‘இன்னும்’ போட்டவனுக்கும் ‘பகிர்ந்து’ போட்டவளுக்கும் இடையில் பதினாலு புள்ளி தூரம் இருக்கிறதா? எனக்கு அந்தச் சம்பளம் முழுக்க வந்தது. அடுத்த வேலையும் வந்தது.

இன்னொன்றும் உண்டு. அவள் சொன்னதை நான் அந்தத் திட்டக்காரரிடம் இன்றுவரை சொல்லவில்லை. சொல்லப்போவதும் இல்லை. இங்கேகூடக் கிராமத்தின் பெயரை விட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நேர்முகம் முடிந்து வெளியே வந்தபோது அவள் பிளாஸ்டிக் கதிரையில் பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். வவுனியா பஸ்ஸுக்கு நேரமிருந்தது. பக்கத்தில் இருந்து ஏதாவது சொல்லியிருக்கலாம். நான் போன் வந்த மாதிரிக் காதில் வைத்துக்கொண்டு நடந்தேன்.

போன மாதம் ஒரு வேலைக்கு விண்ணப்பிக்க எனக்குச் செய்தி அனுப்பி நற்சான்றுக் கடிதம் கேட்டாள். விருது கொடுக்காத ஆளிடம் ஏன் கேட்கிறாள் என்று யோசித்தேன். வன்னியில் இந்தத் துறையில் கேட்க வேறு எத்தனை பேர் இருக்கிறார்கள். உட்கார்ந்து பத்து நிமிசத்தில் எழுதினேன். களத்தில் மக்களோடு கதைக்கத் தெரிந்தவர், கூர்மையான கண், மிகுந்த நேர்மை உடையவர் என்று கை தானாக எழுதியது. திரும்ப வாசித்தபோது அந்தக் கடைசிச் சொல்லில் நின்றேன். அதை எடுத்துப்போட்டு ‘பொறுப்புணர்வு’ என்று போட்டுப் பார்த்தேன். திரும்பவும் பழையதையே போட்டு அனுப்பினேன்.

“நன்றி சேர்” என்று பதில் வந்தது. கீழே ஒரு சிரிப்புப் பொம்மை.