தேயிலைக் காட்டில் ஏரா போட்டேன்

கவிழ்ந்ததில் இருந்தே ஆரம்பிக்கிறேன். ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோத்தகிரியில் எங்கள் வீட்டுக்குக் கீழே உள்ள குட்டையில், நானே கட்டிய ஒரு மீட்டர் நீள மாதிரிப் படகை இறக்கினேன். கையை எடுத்ததும் வலப்பக்கம் சாய்ந்தது, கொஞ்சம் யோசித்தது, அப்புறம் மொத்தமாகப் புரண்டது. வேடிக்கை பார்க்க வந்த பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம்.

நான் டீ ஃபேக்டரியில் ஃபிட்டர். கடலைப் பார்த்ததே நாலைந்து தடவைதான். ஆனால் அக்காவைக் கட்டிக்கொடுத்தது தூத்துக்குடியில். அத்தான் தோணி கட்டும் ஆசாரி. படகில் பாதி அவர் ஃபோனில் சொல்லச் சொல்லக் கட்டியது. வரைபடத்தில் இருந்த ஆங்கிலப் பெயர்களைப் படித்தால், "அதெல்லாம் எனக்குத் தெரியாது மாப்ளே, அந்தக் கட்டை என்ன வேலை செய்யுதுன்னு சொல்லு" என்பார். வேலையைச் சொன்னால் பெயர் வந்துவிடும். அடியில் நீளத்துக்கும் ஓடும் முதுகெலும்பு ஏரா. அதிலிருந்து விலா எலும்பாக எழுவது வங்கு. முன்பக்கம் அணியம், பின்பக்கம் அமரம்.

ஏராவுக்குச் சில்வர் ஓக். தோட்டத்தில் நிழலுக்கு நிற்கும் மரம், இங்கே அதற்குப் பஞ்சமில்லை. வங்குதான் படுத்தி எடுத்தது. நேர்ப் பலகையில் வளைவாக அறுத்த மூன்றும் கையோடு ஒடிந்தன. அறுத்த வளைவில் நரம்பு குறுக்கே ஓடுகிறது, பிறகு எப்படித் தாங்கும்? தோணிக்கு இயல்பாகவே வளைந்த கிளையைத் தேடி எடுப்பார்களாம், அதில் நரம்பும் சேர்ந்தே வளைந்திருக்கும். வீட்டுப் பின்னால் இருந்த பேரிக்காய் மரத்தைக் கழித்தேன். பதினொரு வங்கு கிடைத்தது. இந்தப் படகில் எனக்குப் பெருமையான இடம் அதுதான்.

பலகை இடுக்குகளுக்குப் பசை போட்டால் மூடுபனியில் நாலு நாள் ஆகியும் காயவில்லை. "கலப்பத்து அடி" என்றார் அத்தான். பஞ்சைத் திரியாகத் திரித்து, மழுங்கிய உளியால் இடுக்கில் அடித்து இறக்கி, மேலே குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசுவது. வீடு முழுக்கப் பூஜை அறை வாசனை. மனைவி இதற்கு மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

சரி, ஏன் கவிழ்ந்தது? பேட்டரி ஸ்ப்ரேயரின் பழைய மோட்டாரைப் போட்டிருந்தேன். அதன் பேட்டரியே இரண்டு கிலோவுக்கு மேல். கழற்ற வசதியாக இருக்கட்டும் என்று அதை மேல்தட்டில் வைத்தது என் புத்திசாலித்தனம். படகு சாயும்போது தண்ணீர் அதை மேலே தள்ளும் விசையும் பக்கவாட்டில் நகர்கிறது. அந்த விசையின் கோட்டை மேலே நீட்டினால், படகின் நடுக்கோட்டை ஓரிடத்தில் வெட்டும். அதுதான் மெட்டாசென்டர். பியர் பூகே என்ற பிரெஞ்சுக்காரர் 1746-ல் வெளியிட்ட கப்பல் நூலில் விளக்கிய விஷயம். எடையின் மையம் அந்தப் புள்ளிக்குக் கீழே இருந்தால் படகு நிமிரும், மேலே போனால் புரளும்.

பேட்டரியை ஏராவை ஒட்டி இறக்கிவிட்டு, பெரிய கப்பலுக்குச் செய்யும் சோதனையையே செய்து பார்த்தேன். படகு மொத்தம் 5 கிலோ. நடுவில் வைத்த 100 கிராம் படிக்கல்லைப் பக்கவாட்டில் 10 செ.மீ. நகர்த்தினேன். கம்பத்தில் தொங்கவிட்ட 20 செ.மீ. தூக்குக்குண்டு 2 செ.மீ. விலகியது. கணக்குப் போட்டால், எடை மையத்துக்கு மேலே 2 செ.மீ.-ல் மெட்டாசென்டர். அன்று குட்டையில் நிமிர்ந்தே நின்றது.

நின்றதே தவிர, அமரத்தில் தண்ணீர் புகுந்தது. தண்ணீரைத் தள்ளும் விசிறியைச் சுழற்றும் தண்டு, அதாவது ஷாஃப்ட், வெளியே வரும் குழாய் வழியாகத்தான். அது எனக்குப் பழகிய ஆள்: ஃபேக்டரி பம்ப்பில் இருக்கும் அதே கிளாண்டு பேக்கிங், ஷாஃப்டைச் சுற்றித் திணித்து இறுக்கும் அடைப்பு. அதில் சொட்டுச் சொட்டாகக் கசிய வேண்டும், அதுதான் ஷாஃப்டைக் குளிர்விக்கும் என்று புதுப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுப்பவனே நான். ஆனால் சொந்தப் படகு என்றதும் பதற்றத்தில் முழுக்க இறுக்கினேன். மோட்டார் முனகி நின்றுவிட்டது. அரைச் சுற்று தளர்த்தி, கிரீஸ் வைத்தேன். இப்போது பத்து நிமிடத்துக்கு ஒரு கரண்டித் தண்ணீர், போகட்டும்.

நீர்மட்டக் கோடு வரைந்து படம் அனுப்பினேன். "அது நல்ல தண்ணிக் கோடு மாப்ளே, இங்க கடல்ல விட்டா இன்னும் மேல நிக்கும்" என்றார். உண்மைதான். உப்புத் தண்ணீர் லிட்டருக்கு 25 கிராம் கூடுதல் கனம், அதனால் 5 லிட்டருக்குப் பதில் 4.88 லிட்டரை விலக்கினாலே போதும். கப்பலின் பக்கத்தில் வரையும் பாரக் கோடுகளில் நன்னீருக்குத் தனிக் கோடு இருப்பது இதனால்தான். என் படகுக்கு அந்த வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. பென்சில் கோடே அதைவிடத் தடிமன். இருந்தாலும் இரண்டு கோடு வரைந்துவிட்டேன்.

சுக்கான் சிறிதாகிவிட்டது. குட்டையில் திரும்ப இடம் போதாமல் நேரே போய்க் கரையில் தேயிலைச் செடிக்குள் அணியத்தைச் செருகுகிறது. அதை அகலமாக வெட்ட இந்த வாரம் தகரம் வாங்க வேண்டும்.