லினக்ஸில் வெப்கேம் திணறும்போது

இணையவழிச் சந்திப்பு ஒன்றில் என் படம் விட்டுவிட்டு நகர்வதாக எதிர்முனையில் இருந்தவர் சொன்னபோது, டிரைவரில்தான் கோளாறு இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் 2008இல் வெளிவந்த 2.6.26 பதிப்பிலிருந்தே வெப்கேம்களை இயக்கும் யுவிசிவீடியோ (uvcvideo) டிரைவர், லினக்ஸின் மையப்பகுதியான கர்னலின் பகுதியாக இருக்கிறது. யுவிசி (UVC) என்ற, யுஎஸ்பி வீடியோ சாதனங்களுக்கான பொதுத் தரத்தைப் பின்பற்றும் கேமராக்களுக்குத் தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை.

இணைந்துள்ள யுஎஸ்பி சாதனங்களைக் காட்டும் எல்எஸ்யுஎஸ்பி (lsusb) கட்டளையின் பட்டியலில் கேமரா தெரிந்தது. ஒரே கேமராவுக்கு வீடியோ0, வீடியோ1 என இரண்டு சாதனக் கோப்புகள் இருந்தன. இரண்டாவது படத்துக்கானதன்று, படத்தைப் பற்றிய கூடுதல் தகவல்களுக்கானது (மெட்டாடேட்டா) என்பதால், அதைத் திறந்து படம் வரவில்லை என்று கலங்கத் தேவையில்லை.

உண்மையான காரணத்தைக் காட்டியது, கேமரா அமைப்புகளைப் பார்க்கவும் மாற்றவும் உதவும் வி4எல்2-சிடிஎல் (v4l2-ctl) என்ற கட்டளைக் கருவிதான். கேமரா தரக்கூடிய வடிவங்களை அதில் பட்டியலிட்டபோது, 1280 × 720 அளவில் ஒய்யுஒய்வி வடிவத்துக்கு நொடிக்கு 10 பிரேம்களும், எம்ஜேபெக் வடிவத்துக்கு 30 பிரேம்களும் இருந்தன. எம்ஜேபெக் (MJPEG) ஒவ்வொரு பிரேமையும் ஜேபெக் படமாகச் சுருக்கி அனுப்பும் வடிவம். ஒய்யுஒய்வி (YUYV) சுருக்கப்படாத வடிவம்; ஒரு பிக்சலுக்கு 2 பைட் வீதம் ஒரு பிரேமுக்கே ஏறத்தாழ 1.8 மெகாபைட் ஆகிறது. அப்படி 30 பிரேம்களை அனுப்ப நொடிக்கு 55 மெகாபைட் வேண்டும், யுஎஸ்பி 2.0 இணைப்பில் இத்தகைய வீடியோ ஓட்டத்துக்குக் கிடைப்பதோ அதிகபட்சம் 24 மெகாபைட் அளவுதான். நான் பயன்படுத்திய செயலி ஒய்யுஒய்வியைத் தேர்ந்தெடுத்திருந்ததால்தான் படம் திணறியிருக்கிறது. எஃப்எஃப்பிளே (ffplay) என்ற வீடியோ காட்டும் நிரலில் எம்ஜேபெக் வடிவத்தைக் குறிப்பிட்டு இயக்கியவுடன், அதே கேமரா, அதே கேபிளில், கையசைவைக்கூடத் தொடர்ச்சியாகக் காட்டியது.

வடிவத்தை மாற்ற வழிதராத செயலிகளில் 640 × 480 அளவுக்கு இறங்குவதே நல்லது. அது சுருக்கப்படாமலே நொடிக்கு 18.4 மெகாபைட்டில் அடங்கிவிடும். ஒரே ஹப்பில் இரண்டு கேமராக்களை இணைத்தால், 'சாதனத்தில் இடமில்லை' என்று பொருள்படும் பிழைச்செய்தி வரலாம். அது வட்டில் இடமில்லை என்பதைச் சொல்வதன்று, யுஎஸ்பி அலைவரிசை போதவில்லை என்பதையே சொல்கிறது. ஆகவே கோப்புகளை அழிப்பதால் பயன் இல்லை, ஒரு கேமராவை வேறு யுஎஸ்பி கன்ட்ரோலரின் போர்ட்டுக்கு மாற்ற வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் மாலையில் மட்டும் படம் மந்தமானது. வெளிச்சம் குறையும்போது கேமரா ஒவ்வொரு பிரேமுக்கும் கூடுதல் நேரம் ஒளியை வாங்குவதால், பிரேம் எண்ணிக்கை தானாகவே குறைகிறது. இதற்கு இடமளிக்கும் எக்ஸ்போஷர் டைனமிக் பிரேம்ரேட் (exposure_dynamic_framerate) என்ற கேமரா அமைப்பை 0 ஆக்கினால் வேகம் நிலைக்கும், ஆனால் படம் இருண்டுவிடும். ஆகவே அந்த அமைப்பைத் தொடாமல், திரைக்குப் பின்னால் முகத்தை நோக்கி ஒரு மேசை விளக்கை வைத்தேன். அதன்பின் மாலையிலும் 30 பிரேம்கள் குறையவில்லை.