இறக்கை ஃபிட்டிங்: 4130 தகடும் கோத்தகிரிப் பனியும்

விமான இறக்கையின் மர ஸ்பாரை (இறக்கையின் நீளவாக்கில் ஓடி பாரம் தாங்கும் முதன்மைக் கட்டை) உடற்கூட்டோடு பிணைக்கும் நான்கு ஃபிட்டிங்கும் (இணைப்புத் தகடுகள்) வெட்டி, வளைத்து, வெல்டிங் முடிந்தாயிற்று. 4130 குரோமோலி (குரோமியம், மாலிப்டினம் கலந்த எஃகு), 2.3 மி.மீ. தகடு. பாக்கி: ரீமிங் (துளையைச் சரியான அளவுக்குச் சீவி முடிப்பது), பிரைமர் (துருத் தடுக்கும் அடிப்பூச்சு).

இரும்புக்கடைத் தகடு போதாதா என்று பலரும் கேட்பார்கள். போதாது. சாதா மைல்டு ஸ்டீல் 250 மெகாபாஸ்கல் இழுவிசை அழுத்தத்திலேயே நீண்டு, பழைய அளவுக்குத் திரும்பாது. நார்மலைஸ் செய்த (சூடாக்கிக் காற்றில் ஆறவிட்ட) 4130, 500-ஐத் தாண்டும். அதே பாரத்துக்கு மைல்டு ஸ்டீல் இரு மடங்கு தடிக்கும், எடையும் அப்படியே ஏறும். டெஸ்ட் சர்டிபிகேட் இல்லாத தகட்டை ஃபிட்டிங் பக்கமே கொண்டுவரக் கூடாது.

எடைக்கு எடை பார்த்தால் 2024-டி3 அலுமினியம்தான் பலசாலி. ஆனால் வெல்டிங் ஆகாது; வளைப்பதற்கும் இடம் கொடுக்காது. 3 மி.மீ. துண்டை 3 மி.மீ. ஆரத்தில் மடக்கினால் வெளிப்புறம் ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரக்கும், பூதக்கண்ணாடியில் மயிரிழை விரிசல் தெரியும். தட்டையாகவே இருக்கும் பட்டைக்கு அது அருமை. 6061-டி6 அலுமினியம் ஓரளவு வளையும், ஆனால் வெல்டிங் சூட்டில் பலத்தில் பெரும் பங்கு போய்விடும். எவர்சில்வர் 304 துருப்பிடிக்காது, சரி; மெதுநிலையில் (சூடாக்கி மிருதுவாக்கிய நிலையில்) அதன் தாங்குதிறன் மைல்டு ஸ்டீலைவிடக் குறைவு. எஞ்சின் தடுப்புச் சுவருக்கு வைத்துக்கொள்ளலாம். வரைபடத்தில் 4130 என்றிருந்தால் 4130தான். உலோகத்தை மாற்றினால் தடிமன், ஓர இடைவெளி, போல்ட் நீளம் எல்லாவற்றுக்கும் புதுக் கணக்கு.

வளைக்கும்போது கோடு தகடு உருட்டிய திசைக்குக் குறுக்கே விழ வேண்டும். ஆரம் 7 மி.மீ. வைத்தோம். மடிப்புக் கோட்டை ஸ்கிரைபரால் கீறவே கூடாது, அந்தக் கீறலில்தான் விரிசல் பிறக்கும், பென்சில் போதும். (அலுமினியத்தில் பென்சிலும் கூடாது, கிராஃபைட் அரிக்கும்.) ஓரங்களை அரத்தால் நீளவாக்கில் இழுத்து, 400 நம்பர் உப்புத்தாளால் குறுக்குக் கோடு ஒன்றுகூட மிஞ்சாமல் தேய்க்க வேண்டும். 4.76 மி.மீ. போல்ட்டுக்குத் துளை மையத்திலிருந்து ஓரம் வரை குறைந்தது 9.5 மி.மீ. முதலில் 4.5 மி.மீ. டிரில், பிறகு ஜோடித் துண்டுகளைச் சேர்த்து இறுக்கி ஒரே மூச்சில் ரீமர்.

மலையில் கவனிக்க வேண்டியது குளிர். மார்கழிக் காலையில் பத்து டிகிரித் தகட்டில் நேராக டிக் வெல்டிங் (ஆர்கான் வாயுப் போர்வையில் மின்பொறியால் பற்றவைப்பது) போட்டால் மூட்டு சட்டென்று ஆறி நொறுங்கும் தன்மைக்குப் போகும். கேஸ் டார்ச்சால் கைபொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவந்து, காற்று பாயும் ஜன்னலை மறைத்து, ஈ.ஆர்.70எஸ்-2 கம்பியால் பற்றவைத்து, தானாக ஆற விட வேண்டும். ஈரத்துணி வேண்டாம்.

தேய்த்த 4130-ஐ ராத்திரி வெறுமனே விட்டால் விடியும்போது செம்பழுப்புப் புள்ளிகள் நிற்கும். தேய்த்த அன்றே எபாக்சி பிரைமர் அடிக்க வேண்டும். மரத்தில் போட்ட துளைக்குள்ளும் வார்னிஷ் ஓட வேண்டும், நட்டுக்கு அடியில் அகல வாஷர். இங்கே ஈரம் குடித்த ஸ்பார் சமவெளிக்கு இறங்கியதும் சுருங்கும், நட்டு தளரும். முதல் கோடையில் டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்து எல்லா நட்டையும் மறுபடி பார்க்க வேண்டும்.