வலப்புறம் வருகிறவருக்கு வழி

எங்கள் சித்தப்பா பழைய சொல்தா, அதாவது சிப்பாய். பிரெஞ்சு ராணுவத்தில் ஓய்வுபெற்று பிரான்சிலேயே தங்கிவிட்டவர். மார்கழியில் மட்டும் புதுச்சேரி வருவார். போன முறை லாஸ்பேட்டையில் என் ஸ்கூட்டரை அவர் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். விளக்கோ பலகையோ இல்லாத நாற்சந்தி. வலப்புறமிருந்து ஒரு மினி வேன் வர, சட்டென்று நிறுத்திவிட்டார். பின்னால் வந்த ஆட்டோவின் ஹாரனில் என் காது அடைத்தது. வேன்காரருக்கும் நம்பிக்கை வரவில்லை. அவரும் நின்று இவர் முகத்தையே பார்த்தார்.

"வலப்புறம் வருகிறவருக்குத்தான் முதல் வழி, அம்மா."

"அது உங்கள் பிரான்சில், சித்தப்பா. இங்கே ஹாரன் அடிப்பவருக்கு."

தை பிறந்ததும் மகள் எல்.எல்.ஆர். எனும் பழகுநர் உரிமத் தேர்வுக்குப் படித்தாள். கேள்வி கேட்பது என் வேலை. புத்தகத்தில் அதே விதி! 1989ஆம் ஆண்டின் சாலை விதிமுறைகளிலேயே இருக்கிறதாம். 2017இல் வந்த புதியவற்றிலும் தொடர்கிறது. யோசித்தால் நியாயம்தான். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம். குறுக்குத் தெருவில் வண்டியின் மூக்கை நீட்டினால் முதலில் இடிப்பது வலப்புறமிருந்து வருவதுதான். இடப்புறமிருந்து வருவது தெருவின் மறுபாதியில் போகிறது. வலப்பக்கம் ஓட்டும் பிரான்சில் இதே விதிக்கு என்ன காரணமோ, சித்தப்பாவைத்தான் கேட்க வேண்டும்.

எண்கோணச் சிவப்புப் பலகை இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. கோட்டுக்கு முன்னால் சக்கரம் முழுதாக நிற்க வேண்டும். ஊர்ந்து போய் எட்டிப் பார்ப்பது நின்றதாகாது. பெரிய சாலையில் போகிறவர்கள் போன பிறகே நாம். இடப்பக்கம் திரும்ப வலப்புறம் பார்த்தால் பெரும்பாலும் போதும், நடந்து கடப்பவர்களை மறக்காமல். வலப்பக்கம் திரும்புவதில்தான் மகள் தடுமாறினாள்.

"எதிர்த்தெருவிலும் ஒருவர் நிற்கிறார். அவர் நேரே, நான் வலப்பக்கம். யார் முதலில்?"

"நேரே போகிறவர்."

"நான்தானே முதலில் வந்தேன்?"

முதலில் வந்தவர் முதலில் போவது, நான்கு பக்கமும் பலகை நடும் அமெரிக்காவின் வழக்கம். இங்கே அது ரேஷன் கடை வரிசைக்குத்தான்.

நேற்று அதே நாற்சந்தி. வலப்புறம் வந்த பைக்குக்காக நின்றேன். அவர் என்னைப் போகச் சொல்லிக் கையைக் காட்டினார். நான் அவரைக் காட்டினேன். இருவரும் மரியாதை செய்துகொண்டிருந்தபோது, இடப்புறமிருந்து வந்த ஆட்டோ ஒன்று எங்கள் நடுவே புகுந்து போய்விட்டது.